முந்நூறு சிடியை என்ன செய்வது?

வீட்டு ஆடியோ பற்றி வாசகர்கள் கேட்கிறார்கள். சென்னை ரிச்சி தெருப் பக்கம் 31 வருடம் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். சுமார் 300 சிடி சேர்த்து வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் கர்னாடகக் கச்சேரிகள், மீதி பழைய சினிமாப் பாட்டு. 1998-இல் வாங்கிய பிளேயர் இப்போது நாற்பது நிமிடம் ஒழுங்காகப் பாடிவிட்டு, கடைசிப் பாட்டுகளில் குதிக்கிறது. பெங்களூரில் இருக்கும் மகன், "சிடியை எல்லாம் எடைக்குப் போடுங்கப்பா, ஸ்ட்ரீமர் வாங்கித் தருகிறேன்" என்கிறான். எது நன்றாகப் பாடும்? எதை வாங்குவது? — திருச்சி வாசகர்

பதில்: எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள் ஐயா. எடைக்கடைக்காரர் அதற்குப் பெரிதாகக் காசும் தரமாட்டார்.

எது நன்றாகப் பாடும் என்று என்னிடம் கேட்டவர்களுக்கு 2010 வரைக்கும் நான் தயங்காமல் "சிடி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வாடிக்கையாளர் தன் நெட்வொர்க் பிளேயரைக் கடைக்குக் கொண்டுவந்தார். உங்கள் மகன் சொல்லும் ஸ்ட்ரீமர்தான் அது, தட்டு இல்லாமல் நெட்வொர்க் வழியாகப் பாட்டை எடுத்துப் பாடும் பெட்டி. என் சிடி பிளேயரையும் அதையும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, ஒரே கச்சேரியை இரண்டிலும் ஓடவிட்டோம். சிடியில் குரல் முன்னால் வந்து நின்றது, மிருதங்கம் கனமாக இருந்தது. பார்த்தீர்களா என்று பெருமையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் மனதுக்குள் ஏதோ உறுத்தியது. அடுத்த வாரம் அவரை மறுபடி வரச் சொல்லி, 1 கிலோஹெர்ட்ஸ் சோதனை ஒலியை இரண்டிலும் போட்டு மீட்டரை வைத்துப் பார்த்தேன். சிடி பிளேயர் 2 வோல்ட் கொடுத்தது. அவருடைய பெட்டி 1.4 வோல்ட். அதாவது என் பிளேயர் மூன்று டெசிபல் சத்தமாகப் பாடியிருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் சத்தம் கூடினால் காது அதை "சத்தம்" என்று சொல்லாது, "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்லும். அளவைச் சமப்படுத்திவிட்டுக் கடையில் இருந்த ஆறு பேரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம். பூவா தலையா போட்டதுபோல்தான் பதில் வந்தது. ஆறு பேரில் நானும் ஒருவன்.

அப்படித்தான் வர வேண்டும். சிடி என்பது 1980-இல் ஃபிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த கணக்கு. விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதி, இடது வலது என இரண்டு சேனல். பெருக்கினால் விநாடிக்கு 14,11,200 பிட். இதே பிட்டுகள் தட்டிலிருந்து லேசர் வழியாக வந்தாலும், வீட்டு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வந்தாலும், கடல் தாண்டி ஒரு சர்வரிலிருந்து வந்தாலும் பிட்டுகள்தான். லாஸ்லெஸ் என்று சொல்லப்படும் ஃப்ளாக் கோப்பு இதைக் கிட்டத்தட்டப் பாதி அளவுக்குச் சுருக்கும். பாடும்போது ஒரு பிட் குறையாமல் விரித்துக் கொடுத்துவிடும். எம்பி3 அப்படி இல்லை, அது வீசி எறிந்ததைத் திரும்பப் பெற முடியாது.

சரி, அப்படியானால் இரண்டும் ஒன்றா என்றால், அங்கேதான் உங்கள் மகன் கவனிக்காத விஷயம் இருக்கிறது. பாட்டுச் செயலியில் கிடைக்கும் ஆல்பமும் உங்கள் அலமாரியில் இருக்கும் ஆல்பமும் பெயரில்தான் ஒன்று. பல சமயம் உள்ளே இருப்பது வேறு பதிப்பு. பழைய கச்சேரிப் பதிவைப் புதிதாக மாஸ்டர் செய்கிறேன், அதாவது வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் செப்பனிடுகிறேன் என்று சொல்லி மொத்தத்தையும் சத்தமாக ஏற்றிவிடுகிறார்கள். அப்படி ஏற்ற வேண்டுமென்றால் உயரமான இடங்களை அமுக்கியாக வேண்டும். மிருதங்கத்தில் வலந்தலையில் ஒரு சாப்பு விழுந்தால் அது துள்ளி எழ வேண்டும், பின்னால் தம்புரா தாழ்வாக ஓட வேண்டும். அமுக்கிய பதிப்பில் சாப்பு எழுவதே இல்லை, தனி ஆவர்த்தனம் முழுக்க ஒரே மேட்டில் உட்கார்ந்திருக்கும். சினிமாப் பாட்டில் இன்னொரு கொடுமை: மோனோவில் பதிவான பாட்டுக்கு எக்கோ பூசி ஸ்டீரியோ என்று விற்பது. இந்தப் பாவத்தைச் சிடி போட்டவர்களும் செய்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். செயலியில் இருப்பது அடுத்த மாதம் மாறினாலும் யாரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

ஆகவே நான் உங்களுக்குச் சொல்வது இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி. நெட்வொர்க் பிளேயர் வாங்குங்கள், ஆனால் அதில் பெரும்பாலும் ஓடப்போவது உங்கள் 300 சிடிதான்.

அதற்குச் சிடிகளைப் படியெடுக்க வேண்டும். லேப்டாப்புக்கு வெளியே மாட்டும் யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று போதும். வின்டோஸில் 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பார்க்கக் கொஞ்சம் முரடாக இருக்கும், ஆனால் வேலையில் நாணயமானது. தட்டில் சந்தேகம் வந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும். 'அக்யூரேட்ரிப்' என்ற பட்டியலோடு ஒப்பிட்டு, இதே தட்டைப் படியெடுத்த மற்றவர்களுக்கு வந்த அதே விடை உங்களுக்கும் வந்திருக்கிறதா என்று சொல்லிவிடும். அபூர்வமான கச்சேரி சிடிகள் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். அப்போது இரண்டு முறை படியெடுத்து நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கோப்பை ஃப்ளாக் ஆகவே வையுங்கள். ஒரு சிடி சராசரியாக 350 எம்பி என்று வைத்தால் 300 சிடிக்கு 105 ஜிபி. இன்றைக்குச் சிறிய எஸ்எஸ்டி ஒன்றிலேயே அடங்கிவிடும். அதே அளவில் இரண்டாவது ஒன்று வாங்கிப் பிரதி எடுத்து மகன் வீட்டில் கொடுத்து வையுங்கள். ஒரு நாளைக்கு நான்கு தட்டு என்றால் 75 நாள். ஓய்வு பெற்றவருக்கு இது தண்டனை இல்லை, நான் அனுபவித்துச் செய்தேன்.

கஷ்டம் படியெடுப்பதில் இல்லை, பெயர் எழுதுவதில்தான். இந்த மென்பொருள்களெல்லாம் பாடகர், ஆல்பம், பாட்டு என்ற மூன்று பெட்டிக்குள் உலகத்தையே அடைக்கப் பார்க்கும். நமக்கு ராகம் வேண்டும், தாளம் வேண்டும், யார் வயலின், யார் மிருதங்கம் என்று வேண்டும். இணையத்திலிருந்து தானாக வரும் விவரத்தில் ஒரே வித்வானின் பெயர் நான்கு எழுத்துக்கூட்டலில் நான்கு ஆளாக நிற்கும். நான் என்ன செய்கிறேன் என்றால், 'ஜானர்' என்ற பெட்டியில் ராகத்தின் பெயரைப் போட்டுவிடுகிறேன். அதனால் காம்போதி என்று தொட்டால் என்னிடம் உள்ள அத்தனை காம்போதியும் வரிசையாக வந்து நிற்கும். இதைச் சிடி அலமாரி செய்யாது, காசு வாங்கும் செயலியும் ஒழுங்காகச் செய்யாது. 75 நாள் உழைப்புக்கு இது ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

பெட்டி வாங்கும்போது கடையில் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். ராகம், தானம், பல்லவி மூன்றும் தனித்தனி டிராக்காக இருக்கும் ஒரு பதிவை எடுத்துப் போங்கள். சிடி பிளேயரில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போவதே தெரியாது. சில நெட்வொர்க் பெட்டிகள் டிராக் மாறும் இடத்தில் அரை விநாடி வாயை மூடிக்கொள்ளும். தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில், ரசிகர் கைதட்டலுக்கு நடுவே கத்திரி வைத்தது போல் ஒரு மௌனம். இந்த மௌனம் இல்லாமல் பாடுவதற்கு 'கேப்லெஸ்' என்று பெயர், அது இருக்கிறதா என்று கேட்டால் எல்லாக் கடைக்காரரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். போட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் பார்த்தவரை பதினைந்தாயிரம் ரூபாயை ஒட்டியே நல்ல பெட்டி கிடைக்கிறது. அதற்கு மேல் கையில் பணம் இருந்தால் அதை ஸ்பீக்கரில் போடுங்கள்.

பழைய பிளேயரை மறந்துவிடவில்லை. சிடி உள்ளே இருந்து வெளியே படிக்கும், கிராமஃபோன் தட்டுக்கு நேர் எதிர். முதல் பாட்டில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று சுற்றும் தட்டு, வெளி விளிம்புக்கு வரும்போது 200 சுற்றுக்கு இறங்கியிருக்கும். நாற்பது நிமிடம் கழித்துக் குதிக்கிறது என்றால் லேசர் வெளிப்பக்கம் போகும்போது தடுமாறுகிறது என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் லேசர் நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கும். என் கடைக்கு இந்தக் குறையோடு வந்த பிளேயர்களில் பெரும்பாலானவற்றைத் துடைத்துப் புது கிரீஸ் வைத்தே அனுப்பியிருக்கிறேன். லென்ஸைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும், கண் இமையைத் தொடுவது போல் தொட வேண்டும். லேசரும் லென்ஸும் சேர்ந்த பாகத்துக்குப் பிக்கப் என்று பெயர். "பிக்கப் போச்சு சார், மாத்தணும்" என்று எடுத்த எடுப்பில் சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். மாற்றுவதாக இருந்தாலும் இப்போது சந்தையில் போலி பிக்கப் நிறைய. மூடியைத் திறந்து ஓட்டிப் பார்க்கும் ஆசை உங்களுக்கு வந்தால் ஒரு எச்சரிக்கை: அந்த லேசர் 780 நானோமீட்டர், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தெரியவில்லையே என்று குனிந்து பார்க்கக் கூடாது.

பிளேயரைச் சரிசெய்து வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அம்மாவுக்கு 84 வயது. பிளேயரில் பாடு பொத்தானின் மேல் சிவப்புப் பொட்டு ஒன்று ஒட்டி வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் அதை அழுத்துவார், தட்டு பாடும். அதே பாட்டு நெட்வொர்க் பெட்டியிலும் இருக்கிறது. அதற்கு ஃபோனை எடுத்து, பூட்டைத் திறந்து, செயலியைத் திறந்து, வைஃபை விட்டுப்போயிருந்தால் ரௌட்டரை அணைத்துப் போட்டு... அதற்குள் விடிந்து காப்பி ஆறிப்போகும்.

கேள்வி: அண்ணா, காசு கட்டி லாஸ்லெஸ் திட்டத்துக்கு மாறினேன். ஃபோனிலிருந்து ப்ளூடூத் வழியாக ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிறேன். முன்பு கேட்டதற்கும் இப்போது கேட்பதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. என் காது மோசமா? — கோவை கல்லூரி மாணவர்

பதில்: காது நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, வழிதான் குறுகல். லாஸ்லெஸ்ஸாக ஃபோனுக்கு வந்து சேர்ந்ததை ப்ளூடூத் பெரும்பாலும் மறுபடி நசுக்கித்தான் அனுப்பும். சாதாரண எஸ்பிசி முறையில் விநாடிக்குச் சுமார் 328 கிலோபிட். பெருமையாகச் சொல்லப்படும் எல்டாக் முறையில் கூட அதிகபட்சம் 990, அதுவும் லாஸ்லெஸ் கிடையாது. குடம் நிறையத் தண்ணீர் பிடித்து ஸ்ட்ரா வைத்து ஊற்றுகிறாய்.

ஃபோனில் ஒரு சின்ன யுஎஸ்பி டிஏசி மாட்டி ஆம்ப்ளிஃபையருக்குக் கம்பி இழுத்துப் பார். எண்களை ஒலியாக மாற்றும் பெட்டிதான் டிஏசி. அல்லது விடுதி அறையில் கை துறுதுறுவென்று இருந்தால், ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையின் தலைமேல் டிஏசி அட்டை ஒன்றைச் செருகி 'மூடு ஆடியோ' அல்லது 'வால்யூமியோ' என்ற மென்பொருளை ஏற்று. அதுவே நெட்வொர்க் பிளேயர். நான் ரிப்பேர் கடையை மூடிய பிறகு செய்த முதல் பெட்டி அதுதான், பழைய ஹார்லிக்ஸ் டின்னுக்குள் உட்கார்ந்திருக்கிறது. டின் உலோகம் என்பதால் வைஃபை உள்ளே வர மறுத்தது, கடைசியில் லேன் கம்பிதான் மாட்டினேன்.

அப்படி மாட்டிய பிறகும் 320 கிலோபிட்டில் நசுக்கிய பாட்டுக்கும் லாஸ்லெஸ்ஸுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். எனக்கே பாதிப் பாட்டுகளில் தெரியாது. தெரியாவிட்டால் பழைய திட்டத்துக்கே போய்விடு, மெஸ் பில்லுக்கு ஆகும்.

கேள்வி: அப்பா விரும்பிக் கேட்ட பக்திப் பாட்டு ஆல்பம் ஒன்றைச் செயலியில் சேமித்து வைத்திருந்தேன். அவருடைய திதி அன்று போடலாம் என்று தேடினால் சாம்பல் நிறமாகி, ஒலிக்கவே மறுக்கிறது. மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கே போயிற்று? — நாகர்கோவில் வாசகி

பதில்: உங்கள் மனம் எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறதம்மா. பாட்டு எங்கேயும் போகவில்லை, பாட்டின் உரிமையை வைத்திருக்கும் கம்பெனிக்கும் செயலிக்கும் இருந்த ஒப்பந்தம் முடிந்திருக்கும். மறுபடி கையெழுத்தானால் திரும்பி வரும், ஆகாவிட்டால் வராது. நாம் கட்டுவது வாடகை. "டவுன்லோட்" என்று போட்டு ஃபோனில் இறக்கி வைத்ததும் பூட்டுப் போட்ட கோப்புதான், சாவி அவர்கள் கையில். என் பட்டியலிலும் இப்படி ஒரு வருடத்தில் பதினொரு பாட்டு காணாமல் போனது, அதன் பிறகுதான் நான் பழைய சிடிகளை மறுபடி தேடி வாங்க ஆரம்பித்தேன்.

அந்த ஆல்பம் சிடியாக வந்திருந்தால் பழைய தட்டாகத் தேடிப் பாருங்கள். வாங்கும்போது எல்லாரும் பளபளப்பான அடிப்பக்கத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனமான பிளாஸ்டிக் இருக்கிறது. சின்னக் கீறல்களைப் பிளேயர் தாங்கிக்கொள்ளும். தடத்தில் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் அழிந்தாலும் கணக்குப் போட்டு முழுதாக மீட்கும்படிதான் சிடியை அமைத்திருக்கிறார்கள். படம் அச்சடித்த மேல்பக்கம்தான் ஆபத்து. தகவல் இருக்கும் அலுமினியப் படலம் அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே ஆழமாகக் கீறியிருந்தால் பாட்டே உரிந்து போயிற்று என்று பொருள். தட்டை விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். ஊசி குத்தியது போல் ஒளிப்புள்ளிகள் நிறையத் தெரிந்தால் வேண்டாம். கடலோர வீடுகளில் இருந்து வரும் தட்டுகளில் இதை அதிகம் பார்த்திருக்கிறேன்.

அடிப்பக்கம் பச்சையாகவோ நீலமாகவோ மின்னினால் அது கடையில் பதிவுசெய்து கொடுத்த தட்டு, கம்பெனி அச்சு இல்லை. அதில் இருப்பது சாயம், வெயிலிலும் வயதிலும் வெளுக்கும். கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் அன்றைக்கே படியெடுத்துவிடுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். தடத்தின் வழியே விழும் நீளக் கீறலைத்தான் பிளேயரால் சமாளிக்க முடியாது.

கேள்வி: ஸ்ட்ரீமருக்கு என்று தனியாக லேன் கம்பி விற்கிறார்கள். ஒரு மீட்டர் கம்பி வாங்கும் காசில் ஒரு மாதச் சாமான் வாங்கலாம். இசையில் இருள், அதாவது ஒலிகளுக்குப் பின்னால் உள்ள நிசப்தம், ஆழமாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? — கொழும்பு வாசகர்

பதில்: சாமானை வாங்குங்கள். நெட்வொர்க்கில் பாட்டு பொட்டலம் பொட்டலமாக வரும். ஒரு பொட்டலம் கெட்டுப்போயிருந்தால் பெட்டி அதைக் கண்டுபிடித்துத் திருப்பி வாங்கிக்கொள்ளும், எல்லாம் சேர்ந்த பிறகு தன் சொந்தக் கடிகாரத்தை வைத்துப் பாடும். கம்பி மோசமென்றால் பாட்டு நிற்கும், விக்கும். இருள் ஆழமாவதெல்லாம் கடைக்காரர் கல்லாவில்.

கேள்வி: 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று ஸ்ட்ரீமிங்கில் வந்துவிட்ட பிறகு 16 பிட் சிடியை இன்னும் பேசிக்கொண்டிருப்பது பத்தாம்பசலித்தனம் இல்லையா? — மதுரை வாசகர்

பதில்: இருக்கட்டும், நான் பத்தாம்பசலிதான். 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். 44.1 கிலோஹெர்ட்ஸில் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் பதிவாகும். எனக்கு இப்போது 11,000-க்கு மேல் கேட்பதில்லை, உங்கள் வயது எழுதவில்லை நீங்கள். 24 பிட் பதிவு செய்கிற ஸ்டூடியோவுக்கு வேண்டும், அளவு தப்பினால் சரிசெய்ய இடம் இருக்கும். கேட்கிற கூடத்துக்கு அவ்வளவு தேவைப்படுவதில்லை. ஒரு வேடிக்கை: ஃபிலிப்ஸின் முதல் சிடி பிளேயரில் இருந்த டிஏசி 14 பிட்தான். நான்கு மடங்கு வேகத்தில் கணக்குப் போட்டு அந்தக் குறையை ஈடுகட்டினார்கள்.

சில உயர்தரப் பதிப்புகள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. அதற்குக் காரணம் பெரும்பாலும் யாரோ அக்கறையாக மாஸ்டர் செய்தது, எண் இல்லை. அதையே 16 பிட்டுக்கு மாற்றிக் கேட்டுப் பாருங்கள், அக்கறை அப்படியே இருக்கும்.

அப்புறம், மதுரையில் வெயில் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு பாட்டுக்காவது சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். 16 பிட்டிலேயே இதுவரை கேட்காத தம்புரா ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.